அம்மாவுக்கு மறுமணம், குழந்தை யாரிடம்?

"கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கல்யாணமா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கேட்கிறவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள்! அவர்களைக்கூட ஒரு பெண் சமாளித்துவிடுவாள். அவள் வயிற்றைக் கலக்குவது வேறு கேள்வி. 'நான் இன்னொருத்தர் வீட்டுக்குப் போனால், அதையே சாக்காக வைத்து என் குழந்தையை அவர் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாரோ?' இந்தப் பயத்தாலேயே, தேடி வந்த நல்ல வரனைத் தட்டிக் கழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

என் அக்கா பெண்ணுக்கும் இந்தச் சோதனைதான் வந்தது. மனமொத்துப் பிரிந்தவர்கள். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைத்துப் போகலாம் என்று கோர்ட் உத்தரவு. நாலு வருஷம் சண்டை சச்சரவு இல்லாமல் நடந்தது. இவளுக்கு மறுமணம் நிச்சயமாகிறது என்று காதில் விழுந்ததுதான் தாமதம், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அந்நிய ஆண் இருக்கும் வீட்டில் என் பெண் வளரக் கூடாது, என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. "சித்தி, பேசாம இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று அழுதாள். அக்காவோ, "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டாள். "முதல்ல வக்கீலைப் பார்ப்போம், அப்புறம் அழலாம்" என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வக்கீல் அம்மா நோட்டீஸை இரண்டு முறை படித்தார். "அம்மா மறுமணம் பண்ணிக்கிட்டா குழந்தையை எடுத்துடணும்னு உங்களுக்குப் பொருந்தற சட்டத்துல எங்கயும் இல்லைம்மா" என்றார். 1956-ம் வருஷத்து இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம், குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் முதல் என்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1890-ல் வந்த கார்டியன் சட்டம் ஒன்று எல்லா மதத்தினருக்கும் பொது. விவரம் தெரிந்த குழந்தையானால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்று அது சொல்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், அம்மா மறுமணம் செய்துகொண்டது குழந்தையை அவளிடம் தர மறுக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றமே 2006-ல் சொல்லியிருக்கிறதாம். அப்பா மறுமணம் செய்துகொண்டாலும் இதே நியாயம்தான். (ஆனால் அவரை யாரும் "கையில் குழந்தையை வைத்துக்கொண்டா?" என்று கேட்பதில்லை, கவனித்தீர்களா?)

முஸ்லிம் சகோதரிகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விசாரித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு நெருங்கிய உறவில்லாத ஒருவரை அம்மா மணந்துகொண்டால் வளர்க்கும் உரிமை போய்விடும் என்று அவர்களுடைய மரபுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும், கோர்ட்டுக்குப் போனால் குழந்தையின் நலனையும் எடைபோட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

அதற்காக நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. கஸ்டடி உத்தரவு என்பது கல்லில் வெட்டியது அல்ல. சூழ்நிலை மாறினால் உத்தரவையும் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே, நம் சென்னையிலிருந்து போன வழக்கில், தெளிவாக்கிவிட்டது. ஆகவே கோர்ட் பார்ப்பது நீங்கள் தாலி கட்டிக்கொண்டதை அல்ல, குழந்தை போகிற வீட்டை. அங்கே அது எங்கே படுத்துக்கொள்ளும்? பள்ளிக்கூடம் மாறுமா? நீங்கள் வேலைக்குப் போனால் சாயங்காலம் யார் வீட்டில் இருப்பார்கள்? அந்த மனிதர் குடிப்பவரா? அவரைக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரியுமா? வக்கீல் அம்மா இந்தக் கேள்விகளை எல்லாம் எங்களைக் கேட்டபோது, இவள் முக்கால்வாசிக்குப் பதில் வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே தைரியம் வந்தது.

இன்னொன்றும் கேட்டார். "இப்பவே அவர் வீட்டுல போய்த் தங்கறியா?" இல்லை என்றாள். மேஜரான இரண்டு பேர் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது வாஸ்தவம்தான். ஆனால் கஸ்டடி வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு அதை நீட்டி முழக்காமல் விடாது. என்னைக் கேட்டால், குழந்தை இருக்கிறவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டே குடி போகட்டும். விவாகரத்து இன்னும் கிடைக்காதவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலமும் கழிவதற்கு முன் செய்யும் கல்யாணம் பெரிய வம்பில் கொண்டுவிடும். வெளியூருக்குக் குடி போவதானாலும் அப்பாவுக்குச் சொல்லி, உத்தரவில் மாற்றம் தேவையானால் கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டினால், நம் பக்கம் இருந்த நியாயமும் போய்விடும்.

எங்கள் விஷயத்தில் வழக்கு வரை போகவில்லை. பதில் நோட்டீஸ் போயிற்று. கூடவே வக்கீல் அம்மா, "உங்கள் பெண் வாழப் போகும் வீட்டை வந்து பாருங்கள்" என்று அவருக்கு எழுதினார். அவரும் வந்தார். ஒரு ஹோட்டலில் இரண்டு ஆண்களும் காபியை ஆறவிட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்களோ, எங்களுக்குத் தெரியாது. பழையபடி ஞாயிற்றுக்கிழமைகள், கோடை விடுமுறையில் பாதி, பள்ளிக்கூட மீட்டிங்குக்கு இரண்டு பேரும் வரலாம் என்று எழுதிக் கையெழுத்தானது. மனிதருக்கு உள்ளூர இருந்த பயம், 'என் பெண் இனி என்னை அப்பா என்று கூப்பிடமாட்டாளோ' என்பதுதான் என்று அப்புறம் புரிந்தது.

அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. சட்டப்படி மாற்றாந்தகப்பன் குழந்தைக்கு இயற்கைக் கார்டியன் ஆவதில்லை. அவர் தத்து எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அதற்குப் பெற்ற அப்பாவின் சம்மதம் வேண்டும். பெற்றவர் உயிரோடு, அன்போடு வந்து போகும்போது அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே நல்லது. இறந்துபோன கணவரின் குழந்தையோடு மறுமணம் செய்துகொண்டவர்கள் நிலைமை வேறு. 2022-ல் அப்படி ஒரு வழக்கில், குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை அம்மாவுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுக் கணவர் பெயரை 'மாற்றாந்தந்தை' என்று ரிகார்டில் போடச் சொல்வது குழந்தை மனசைப் புண்படுத்தும் என்றும் சொல்லியது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மறுமணம் ஆனால் உங்களுக்கு வரும் ஜீவனாம்சத்தை நிறுத்தச் சொல்லி அவர் கோர்ட்டில் கேட்கலாம். குழந்தைக்கான பணம் அப்படி அல்ல. நீங்கள் யாரை மணந்தாலும் பெற்ற அப்பாவின் பொறுப்பு போகாது. "அவன் காசு எனக்கு எதற்கு?" என்று ரோஷப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள். அது உங்கள் காசு இல்லை, குழந்தையின் காசு.

சட்டம் ஒரு பக்கம். குழந்தையின் மனசுக்கு எந்த வக்கீல்? ஏழு வயது வரை அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்கிய குழந்தை அது. கல்யாணத்தன்று ராத்திரி திடீரென்று "நீ பாட்டியோட படுத்துக்கோ" என்றால், வந்த மனிதர் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்றுதானே நினைக்கும்? என் அக்கா பெண் கல்யாணத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பிருந்தே குழந்தையைப் பாட்டி பக்கத்தில் படுக்கவைத்துப் பழக்கினாள். புது வீட்டுக்குப் போகும்போது பழைய தலையணை, கிழிந்த போர்வை, டிபன் டப்பா எல்லாம் கூடவே போயின. "புதுசா வாங்கித் தரேன்" என்று அவர் ஆசையாகச் சொன்னதை இவள்தான் தடுத்தாள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதும் சின்ன விஷயமில்லை. மாற்றாந்தாய்க்கு நம் வழக்கில் 'சித்தி' என்று ஒரு பெயராவது இருக்கிறது. மாற்றாந்தகப்பனுக்கு வாயில் நுழைகிற பெயரே இல்லை! "இனிமே இவர்தான் உன் அப்பா" என்று திணிக்காதீர்கள். இந்தக் குழந்தை 'மாமா' என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். அவருக்கும் அதில் குறையில்லை. ஆரம்பத்தில் கண்டிப்பது, அதட்டுவது எல்லாம் அம்மா வேலையாகவே இருக்கட்டும். அவர் கதை சொல்லட்டும், சைக்கிள் பழக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போய்விட்டு வந்தால், "அங்கே யார் இருந்தா? என்னைப் பத்தி என்ன சொன்னார்?" என்று துருவாதீர்கள். பாவம், குழந்தை இரண்டு வீட்டுக்கும் ஒற்றன் வேலை பார்க்க முடியுமா? "என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டால் போதும்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். மனிதர் எவ்வளவு நல்லவரானாலும், குழந்தைக்குத் தன் உடம்பு தன்னுடையது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பிடிக்காத விதமாக யார் தொட்டாலும், அவர் மாமாவானாலும் தாத்தாவானாலும், அம்மாவிடம் சொல்லலாம், அம்மா திட்டமாட்டாள் என்று அது நம்ப வேண்டும். அப்படிச் சொன்னால் "சும்மா இரு" என்று வாயை அடைக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். ஆபத்து என்று தோன்றினால் 1098-க்குக் காசில்லாமல் போன் செய்யலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு: 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. ஜில்லா கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீசில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது விவாகரத்துத் தீர்ப்பின் நகல், கஸ்டடி உத்தரவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட ரிப்போர்ட், அப்பா பணம் அனுப்பும் பாங்க் பாஸ்புத்தகம், எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.