சர்க்கரையும் விழித்திரையும்: அழற்சியில் தொடங்கி ரத்தக்கசிவு வரை

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம் விழித்திரை. அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இந்தப் படலம், எடைக்கு எடை பார்த்தால், உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. ஆனால் ஒளிக்குக் குறுக்கே ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் அங்கே குழாய்கள் குறைவு. பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் மையக்குழியில் அறவே கிடையாது. செலவு அதிகம், வரத்து குறைவு என்ற நிலையில், நுண்குழாய்களில் ஏற்படும் சிறு பழுதையும் விழித்திரை தாங்குவதில்லை. சர்க்கரை நோய் கைவைப்பது அந்த நுண்குழாய்களில்தான்.

நுண்குழாயின் உட்சுவர் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பிணைந்து, ரத்தத்தில் இருப்பதெல்லாம் நரம்புத் திசுவுக்குள் புகுந்துவிடாமல் காக்கின்றன. வெளிப்பக்கம் அவற்றைத் தழுவி நிற்பவை பெரிசைட் செல்கள். உடலின் மற்ற பாகங்களைவிட விழித்திரையில் இவை அதிகம். ஏறத்தாழ உட்சுவர் செல் ஒன்றுக்கு ஒன்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் கோகனும் குவபாராவும் இறந்தவர்களின் விழித்திரையை டிரிப்சின் என்ற செரிமான நொதியில் ஊறவைத்தார்கள். நரம்புத் திசு கரைந்துபோக, எஞ்சிய ரத்தக்குழாய் வலையைக் கண்ணாடித் தகட்டில் விரித்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் வலையில் பெரிசைட்டுகள் இருந்த இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. சில குழாய்களில் எந்த உயிரணுவும் இல்லை. வெற்றுக் கூடு மட்டுமே மிச்சம். பெரிசைட்டை இழந்த சுவர், பழைய தோட்டத்து ரப்பர் குழாய் போல அங்கங்கே உப்பிவிடும். கண் மருத்துவர் கருவியில் பார்க்கும்போது தெரியும் சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகள் இந்த உப்பல்கள்தான்.

இந்தச் சேதத்தில் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அழற்சி என்றதும் சிவந்து, வீங்கி, வலிக்கும் கண்தான் நினைவுக்கு வரும். விழித்திரையில் நடப்பது வேறு விதம். அங்கே வலியை உணரும் நரம்புகள் இல்லாததால், ஆண்டுக்கணக்கில் நடந்தாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து மிகுந்திருந்தால் உட்சுவர் செல்கள் வேதிநெருக்கடிக்கு ஆளாகின்றன. கிருமி தாக்கினால் காட்ட வேண்டிய ஒட்டுப் புரதங்களை, கிருமியே இல்லாதபோதும் தம் மேற்பரப்பில் நீட்டுகின்றன. அவற்றில் முக்கியமானது ஐகாம்-1. அந்த வழியே போகும் வெள்ளை அணுக்கள் அதில் சிக்கிக்கொள்கின்றன. வெள்ளை அணு, சிவப்பணுவைப் போல வளைந்து நெளிந்து போகக் கூடியது அல்ல, பருத்தது, விறைப்பானது. ஒன்று ஒட்டிக்கொண்டாலே நுண்குழாய் அடைபடக்கூடும். ஒட்டிய இடத்தில் அது உமிழும் நச்சுப்பொருள்கள் சுவரையும் அரிக்கின்றன. விழித்திரையின் துணைச் செல்களும் சேர்ந்துகொண்டு அழற்சித் தூதுப் புரதங்களைச் சுரக்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஐகாம்-1ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது, வெள்ளை அணுக்கள் ஒட்டுவதும் குழாய்கள் கசிவதும் குறைந்தன.

இதற்கான துப்பு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. மூட்டுவாதத்துக்காக, அழற்சியைத் தணிக்கும் ஆஸ்பிரின் வகை மருந்தை நிறையச் சாப்பிட்டுவந்த சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைக் கோளாறு குறைவாக இருப்பதை 1964இலேயே மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். பிறகு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் தினம் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. மூட்டுவாதத்துக்கு அந்நாளில் கொடுக்கப்பட்ட அளவு அதைவிடப் பல மடங்கு. அவ்வளவு மாத்திரையை வயிறு தாங்காது. அந்த ஆய்வில் உபயோகமான வேறொரு செய்தி உண்டு: ஆஸ்பிரினால் கண்ணுக்குள் ரத்தக்கசிவு கூடவில்லை. எனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் கண்ணை எண்ணி அதை நிறுத்த வேண்டியதில்லை.

நுண்குழாய்கள் அடைபட அடைபட, விழித்திரையின் பகுதிகள் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கத் தொடங்குகின்றன. தவிக்கும் திசு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதிய குழாய்களை வரவழைக்கிறது என்று 1948இல் மைக்கேல்சன் என்ற ஆய்வாளர் ஊகித்தார். பெயர் தெரியாத அந்தப் பொருள் ‘காரணி எக்ஸ்’ என்றே வெகுகாலம் பேசப்பட்டது. 1989இல் அமெரிக்காவில் நெப்போலியோன் ஃபெராராவின் குழு வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. முற்றிய சர்க்கரை விழித்திரை நோய் கொண்டவர்களின் கண் திரவத்தில் அது மிகுந்திருப்பது 1994இல் உறுதியானது.

இந்தப் புரதத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, குழாய்ச் சுவரின் பிணைப்பைத் தளர்த்திக் கசிய விடுவது. மற்றொன்று, புதிய குழாய்களை முளைக்கச் செய்வது. போதாததற்கு, ஐகாம்-1 கூடுவதற்கும் இதுவே தூண்டுதல். அழற்சி வி.இ.ஜி.எஃபைக் கூட்டுகிறது, வி.இ.ஜி.எஃப். அழற்சியைக் கூட்டுகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

கசிந்த நீர் விழித்திரையின் மையப்பகுதியில் கோத்துக்கொண்டால் எழுத்துகள் மங்கும். கதவு நிலை, ஜன்னல் கம்பி போன்ற நேர்கோடுகள் நெளிந்து தெரியும். நோயின் எந்தக் கட்டத்திலும் இது வரலாம். புதுக்குழாய்களின் தொல்லை இன்னும் பெரிது. ஆக்சிஜன் வேண்டிய இடத்துக்குள் போகாமல், அவை விழித்திரையின் மேற்பரப்பில் படர்ந்து கண்ணின் நடுவே நிறைந்துள்ள கூழுக்குள் நீள்கின்றன. சுவர் நொய்ந்தது, எளிதில் கிழிந்து ரத்தம் கசியும். அப்போது நோயாளிக்குக் கண்முன்னே கரும்புள்ளிகள் மிதக்கும், அல்லது திடீரென்று திரை விழுந்ததுபோல் இருட்டும். குழாய்களோடு வளரும் தழும்புத் திசு சுருங்கினால் விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். கருவிழிப்படலத்தின் மேல் அவை முளைத்துக் கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்தால், கடும் வலியுடன் கண் அழுத்தம் ஏறும். விழித்திரை கெட்டும் வலியே இல்லாமல் இருந்த ஒருவர் முதன்முதலாக வலியோடு மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் அப்போதுதான். அது மிகவும் தாமதம்.

சிகிச்சையில் முதலில் வெற்றி கண்டது சூடு வைப்பது. 1945 சூரிய கிரகணத்தைப் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட மாணவர் ஒருவரின் கண்ணைக் கண்ட ஜெர்மன் மருத்துவர் மேயர்-ஷ்விக்கரத், ஒளியையே கருவியாக்கலாம் என்று யோசித்தார். பின்னர் லேசர் வந்தது. விழித்திரையின் ஓரப் பகுதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகச் சுட்டால் ஆக்சிஜன் தேவை குறையும், வி.இ.ஜி.எஃப். சுரப்பும் தணியும். கடுமையான பார்வையிழப்பு இதனால் பாதிக்கு மேல் குறைவதாக 1976இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மையத்தைக் காப்பாற்ற ஓரத்தைப் பலிகொடுப்பதுதான் இது. பக்கப் பார்வையும் இருட்டில் பார்க்கும் திறனும் ஓரளவு போகும்.

இப்போது மையநீர்க்கோர்வைக்கு முதல் தேர்வு வி.இ.ஜி.எஃபைத் தடுக்கும் ஊசி. கண்ணில் ஊசியா என்று பயப்படாதவர் இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, அயோடின் கரைசலால் கண்ணைச் சுத்தம் செய்து, கருவிழி ஓரத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் மெல்லிய ஊசியால் 0.05 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்துவார்கள். சில நொடி வேலை. இந்த மருந்துகளில் ரானிபிஸுமாப், அஃப்ளிபர்செப்ட் ஆகியவை விலை கூடியவை. குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிஸுமாப்பைச் சிறு அளவுகளாகப் பிரித்துப் போடுவது செலவைப் பெரிதும் குறைக்கிறது. எந்த மருந்தானாலும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். பார்வை தெளிந்துவிட்டது என்று நடுவில் நின்றுவிடுபவர்களுக்கு நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும்.

சிலருக்கு இந்த ஊசி போதுமான பலன் தருவதில்லை. வி.இ.ஜி.எஃப். அடங்கினாலும் மற்ற அழற்சிப் பொருள்கள் சும்மா இருப்பதில்லை. அத்தகையவர்களுக்கு, சில மாதங்கள் மெல்லக் கரையும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுத் துணுக்கைக் கண்ணுக்குள் வைப்பதுண்டு. கண்புரையும் கண் அழுத்தமும் அதற்குத் தர வேண்டிய விலை. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமாப், வி.இ.ஜி.எஃபோடு ஆஞ்சியோபாயட்டின்-2 என்ற புரதத்தையும் தடுக்கிறது. குழாய்ச் சுவரை நிலைகுலையச் செய்வதிலும் அழற்சியிலும் பின்னதற்குப் பங்கு உண்டு.

ஊசிக்கும் லேசருக்கும் முன்னால் செய்யக்கூடியது சர்க்கரைக் கட்டுப்பாடு. முதல் வகை நோயாளிகளிடம் நடந்து 1993இல் முடிவு வெளியான ஆய்வில், கறாரான கட்டுப்பாடு விழித்திரை நோய் புதிதாக வருவதை 76 சதவீதம் குறைத்தது. ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாலும் பலன் உண்டு. ஆனால் நெடுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரையை மளமளவென்று இறக்கினால் கண் நோய் சில மாதம் மோசமாகலாம் என்பதால், அப்போது கண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதத்தினருக்கு விழித்திரை நோய் இருப்பதைக் கண்டது. இந்த நோய் வலியில்லாமல் வளர்வதால், பார்வை நன்றாக இருந்தாலும் பரிசோதனை தேவை. இரண்டாம் வகை நோயாளிகள் சர்க்கரை இருப்பது தெரிந்த உடனேயே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அது எப்போது தொடங்கியது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. முதல் வகையினர் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கலாம். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கொரு முறை. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் கருவுற்றால், முதல் மூன்று மாதத்திலேயே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பகாலத்தில் இந்த நோய் வேகமெடுக்கக்கூடும்.