13 பிள்ளைகளும் ஒரு பெயர்ப்பலகையும்

ஓசூரில் இருந்து பாகலூர் பக்கமோ தேன்கனிக்கோட்டை பக்கமோ போனால், 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' பலகை கண்ணில் படாமல் இருக்காது. இந்தச் சொல்லின் பழைய தடத்தைத் தேடினால் கொடைக்கானலில் போய் நிற்போம்.

1901-ல் அங்கே ஒரு சின்னப் பள்ளி ஆரம்பித்தது. மொத்தமே 13 பிள்ளைகள். தென்னிந்தியாவில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகள். முன்னின்று நடத்தியவர் மார்கரெட் எட்டி. அதுக்கு முன்னாடி, பிள்ளை படிக்கணும்னா கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பணும். திரும்பப் பார்க்க வருஷக்கணக்காகும். ஆக, நோக்கம் எளிமையானது: பிள்ளை எட்டும் தூரத்தில் இருக்கணும், ஊர் திரும்பினால் அங்கே படிப்பைத் தொடரவும் முடியணும்.

மிஷனரிகள் குறைந்த பிறகு, 1970-களில்தான் அது 'கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்' ஆனது. 1976-ல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐபி பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. பெயர் மட்டும் இல்லை, படிப்பும் எல்லை தாண்டிச் செல்லுபடியானது.

ஓசூரில் இன்று அதே கேள்விதான். வேலைக்காக ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் நிறைய. அடுத்த வருஷம் இடம் மாறினால் பிள்ளையின் படிப்பு என்னாகும்? ஐபி அங்கீகாரம் தனியாக வாங்க வேண்டியது. பலகையோடு சேர்ந்து வராது. அட்மிஷனுக்குப் போகும்போது பலகையைப் பார்க்காதீங்க, எந்தப் பாடத்திட்டம்னு கேளுங்க.