சிற்றுருவில் ஒரு போர் ஹெலிகொப்டர்

அமெரிக்காவின் பெல் நிறுவனம் அமைத்து, 1956 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முதன்முறையாக வானில் எழுந்த போர் ஹெலிகொப்டரை 'ஹியூ' என்னும் செல்லப்பெயரால் உலகம் அறியும். 1975 இல் முடிவுற்ற வியட்நாம் போரில் துருப்புகளைக் களத்தில் இறக்கியதும் காயமுற்றோரை மருத்துவமனைக்குச் சுமந்து சென்றதும் பெரும்பாலும் இதுவே. இதன் பிந்திய வகைகளின் சுழல்விசிறி 48 அடி விட்டமுடையது. ஆகவே, நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்யப்படும் சிற்றுருவில் அது சரியாக ஓர் அடியாகிறது. மேசைமேல் வைத்துப் பார்க்கத்தக்க அளவு.

பெட்டியில் வரும் பிளாஸ்திக் பாகங்களை ஒட்டிப் பச்சை வர்ணம் பூசினால் வேலை முடிந்தது என எண்ணுவோர் பலர். அவ்வாறு செய்தது நல்ல விளையாட்டுப் பொருளாகலாம், ஹியூ ஆகாது. விமானி இருக்கைகளின் வார்ப்பட்டைகளை மெல்லிய ஈயத்தாளைக் கீறி அமைத்தல் வேண்டும். விமானிகளின் தலைக்கு மேலுள்ள இரண்டு கண்ணாடிகளும் இளம்பச்சைச் சாயலுடையவை. அச்சில் வார்த்த விசிறி அலகுகள் நேராகவே இருக்கும். தரையில் நிற்கும் ஹெலிகொப்டரிலோ அவை தம் பாரத்தால் நுனியிற் சற்றே தாழும். ஓர் அலகை வாற்பகுதியோடு பிணைக்கும் பட்டையும் தரையில் நிற்கையில் மட்டுமே காணப்படும். பறக்கும் கோலத்தில் அமைப்பவர் இவ்விரண்டையும் விட்டுவிட வேண்டும்.

இனி, உழைத்த தோற்றத்தைக் கொடுக்கும் பகுதி. இங்கேதான் ஆர்வம் மிகுந்தவர்கள் கைதவறுகின்றனர். அழுக்கு எங்கே படிந்தாலும் அழகென்று கருதி உடலெங்கும் பழுப்புத் துருவைத் தீட்டிவிடுவர். ஹியூவின் உடற்றகடு பெரும்பாலும் அலுமினியம். அது இரும்பைப்போற் செந்துருப் பிடிப்பதில்லை. வர்ணம் உரிந்த இடத்தில் மங்கிய வெள்ளி நிறமோ, அடிப்பூச்சின் மஞ்சட் பச்சையோதான் தெரியும். அதுவும் எங்கும் அன்று. சப்பாத்துக் கால்கள் மிதித்தேறும் சறுக்குச் சட்டங்கள், கை பற்றும் கதவோரம், மணல் அராவும் விசிறி அலகின் முன்விளிம்பு ஆகிய இடங்களிலேயே தேய்வு தோன்றும். புகைபோக்கி பின்னோக்கியிருப்பதால் கரி வாற்பகுதியின் மேற்புறத்திற் படியும். விசிறித் தண்டின் அடியில் எண்ணெய்க் கசிவு உண்டு. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும்.

முறைகள் எளியன. தகட்டு இணைப்புகளில் மிக நீர்த்த கருவர்ணத்தை ஓடவிட்டு மேற்பரப்பைத் துடைத்தெடுப்பர். வர்ணம் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை வருடுவர். மத்திய உயர்நிலத்தின் செம்மண் தூசிக்குச் சுண்ணக்கோலை அராவிய பொடியே போதும். அடிப்பூச்சான பச்சையையும் சற்றே வெளுப்பாகக் கலத்தல் நன்று. சிறிய பொருளில் முழு நிறம் கருமையாகத் தோன்றும்.

அந்தச் செந்தூசி உள்ளறைத் தரையிலும் படியும். ஆயின் காயமுற்றோரை ஏற்றிவந்த ஹெலிகொப்டர்களின் தரையை நீரூற்றிக் கழுவுதல் குழுவினரின் வழக்கமான வேலைகளுள் ஒன்று. அத்தகைய ஹெலிகொப்டரைச் செய்பவர், வெளியெல்லாம் செம்மண் பூசிய பின்னும், தேய்ந்த அத்தரையை மட்டும் தூசியின்றி விட்டுவைப்பார்.