நடுங்கும் மேலறையும் நுண் ஆர்என்ஏக்களும்

இதய பைபாஸ் அறுவை நல்லபடியாக முடிந்தது, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சிகூடக் குடித்துவிட்டார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இதயத் துடிப்பு திடீரெனத் தாளம் தப்புகிறது. அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. ரத்தத்தில் அழற்சியின் அளவு உச்சத்தைத் தொடுவதும் அதே நாட்களில்தான்.

இந்தக் கோளாறின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வெறுமனே நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இதை இதயத்தின் மின்கோளாறு என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். நடுங்க நடுங்க மேலறைச் சுவரே மாறிப்போகிறது. 1995-இல் நெதர்லாந்தில் ஆடுகளின் மேலறையை மின்தூண்டலால் திரும்பத் திரும்ப நடுங்க வைத்தார்கள். முதலில் நொடிகளில் அடங்கிய நடுக்கம், நாட்கள் போகப் போக அடங்க மறுத்தது.

சுவரை மாற்றுபவற்றில் முக்கியமானவை மைக்ரோ ஆர்என்ஏக்கள். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இவை புரதம் எதையும் செய்வதில்லை. புரதம் செய்யச் சொல்லிப் போகும் தூது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு அந்த வேலையைத் தடுக்கும். 1993-இல் ஒரு சிறு புழுவில் இவை தெரியவந்தன. அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது.

இவற்றில் மிஆர்-21 என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நார்ச் செல்கள் அத்துமீறிப் பெருகாதபடி ஸ்ப்ரௌட்டி-1 என்ற புரதம் பிரேக் போடுகிறது. மிஆர்-21 கூடினால் அந்தப் புரதம் குறையும், பிரேக் விட்டுப்போகும். நார்ச் செல்கள் பெருகி, தசைக்கு நடுவே கொலாஜன் படிந்து தழும்பாகும். இதயத்தின் மின் அலை அந்தத் தழும்பைச் சுற்றிச் சுற்றி வரும். கொலாஜனை அடக்கிவைக்கும் மிஆர்-29 இதே நோயில் குறைகிறது. செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயிலைக் குறைக்கும் மிஆர்-328 கூடுகிறது. எல்லாம் நடுக்கத்தை நீட்டிக்கும் பக்கமே சாய்கின்றன.

அழற்சிக்கு இங்கே நேரடிப் பங்கு உண்டு. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் மிஆர்-21-ஐக் கூட்டிவிடுகின்றன. மிஆர்-146ஏ மாறாக அழற்சியைத் தணிக்கப் பார்க்கிறது.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் போதாதா? நம்மூர்ச் செங்காந்தள் விதையிலிருந்தும் எடுக்கப்படும், அழற்சியைக் குறைக்கும் கோல்சிசின் மருந்தைச் சோதித்தார்கள். இதயம் அல்லாத மார்பு அறுவைகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. உறுதியான பலன் இல்லை. (செங்காந்தள் கொடிய விஷம். வீட்டில் யாரும் முயன்றுவிட வேண்டாம்.)

இந்த நோய்க்கான மைக்ரோ ஆர்என்ஏ சிகிச்சை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. பக்கவாதத்தைத் தடுக்க இன்று கையில் இருப்பது முக்கியமாக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான். 65 வயது கடந்தவர்கள் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சீராக இல்லையென்றால் அன்றே இசிஜி எடுத்துவிடுங்கள்.