நாடி எண்ணும் கடிகாரம்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் முன்னாளில் வாழ்ந்தவர்க்கு நடைப்பயிற்சி என்றொரு சொல்லே வேண்டியிருக்கவில்லை. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நிரை நிரையாய் நின்ற ஐந்நூறு பால்மரங்களைச் சுற்றி வெட்டிவிட்டுப் பாலெடுக்க மீண்டும் அவ்வழியே நடந்தவர்க்குத் தனியே நடை எதற்கு? 1917இல் இவ்வட்டாரத் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வணிக முறையில் முதன்முதல் செம்பனை நட்டார். பின்னாளில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிற்று. குடும்பங்களும் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தன. பாட்டன் நடந்து உழைத்தான். பேரன் அமர்ந்து உழைக்கிறான். உணவு மட்டும் பெரிதும் மாறவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் பத்துக்கு மூவர் அளவில் நீரிழிவு காணப்பட்டது. இந்நிலையில்தான் மாலை நேரத்தில் நடக்கப் புறப்படுவோர் மணிக்கட்டில் உணரிக் கடிகாரம் ஏறியிருக்கிறது. அது காட்டும் எண்களுள் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை அறிதல் நன்று.

முதலாவது, காலடிக் கணக்கு. கடிகாரத்தினுள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கன் கட்டி, வில்போன்ற மெல்லிய தாங்கிகளில் தொங்குகிறது. கை வீசும்போது அது அசையும். அவ்வசைவு மின்மாற்றமாகப் பதிவாகும். சீராக எழுந்து தாழும் அலைகளை அடிகளாகக் கருவி எண்ணும். அஃதாவது, கருவி காலைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது. எனவே செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கைப்பிடியை இறுகப் பற்றித் தள்ளிச் செல்பவனின் கணக்குக் குறைந்தே காட்டும். உண்மையில் மிகுதியாய் உழைத்தவன் அவனே!

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. நம் மணி ஜெகதீசன் 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை சென்ற போட்டி அதுவே. அப்போது ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பொங்கிற்று. அடுத்த ஆண்டு யமாசா நிறுவனம் ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிர அடி அளவி, என்ற பெயரில் இடுப்பில் அணியும் கருவியை விற்றது. விளம்பரத்திற்கு இசைந்த முழுமை எண்ணே அது. மருத்துவர் வகுத்த எல்லையன்று. 2019இல் அமெரிக்காவில் 16,741 முதிய பெண்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவரிடையேயே இறப்பு குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் அப்பயன் மேலும் கூடவில்லை. பத்தாயிரம் எட்டவில்லையே என்று சோர்ந்து நடையையே கைவிடுவோர்க்கு இது நற்செய்தி.

இரண்டாவது, நாடி. கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மின்னுவதைக் காணலாம். குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் துடிக்கும்தோறும் மணிக்கட்டில் குருதி மிகும். திரும்பிவரும் ஒளி குறையும். அக்குறைவுகளை எண்ணினால் நாடி கிட்டும். தோலின் கருநிறமியும் அவ்வொளியை உறிஞ்சுவதால், கருநிறத்தோர்க்குக் கணக்குப் பிழைக்குமோ என்ற ஐயம் எழுந்தது. 2020இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வு, தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றும், அசைவின்போதே பிழை ஓய்வுநிலையைவிடச் சராசரியாக 30 விழுக்காடு மிகுவதாகவும் கண்டது. ஓடும்போது சில வேளைகளில் கருவி காலின் தாளத்தையே நாடியென மயங்கும். வாரை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலேற்றி இறுக்கமாய்க் கட்டினால் பிழை குறையும். ஐயமெனில் ஓடி நின்றவுடன் இருவிரலால் நாடி தொட்டு 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குக. விளையாட்டு நேரத்தில் மாணவர்க்கு இதைக் கற்பித்தால் பெருக்கல் வாய்பாடும் உயிர்பெறும்.

எரிந்த கலோரிக் கணக்கோ வெறும் ஊகம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, மிகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. மிக மோசமானது 93 விழுக்காடு. அதை நம்பி இன்னொரு ரொட்டி சானாய் உண்ணுதல் தகாது.

இவற்றால் பெருந்தீங்கு இல்லை. தீங்கு வேறோரிடத்தில் உள்ளது. ஊசியின்றிக் குருதிச் சர்க்கரையைக் காட்டுவதாகச் சொல்லி மலிவுக் கடிகாரங்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. தோலைத் துளைக்காமல் தாமாகச் சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாம் ஒப்புதல் அளிக்கவில்லையென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தினர் 2024 பிப்ரவரியில் எச்சரித்தனர். மேற்கையில் ஒட்டித் தோலுக்கடியில் நுண்ணிழை செலுத்தி அளக்கும் மருத்துவ உணரி வேறு. அது மெய்யாகவே அளக்கும், அதன் எண்ணைக் கடிகாரம் வாங்கிக் காட்டவும் கூடும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். இன்சுலின் போடும் ஒருவர் பொய்யான உயர்ந்த எண்ணைக் கண்டு மருந்தைக் கூட்டிக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம், உயிரே போகலாம். அவர் மருந்தளவைக் கணிக்கக் கொள்ளவேண்டியது, விரல் நுனியில் எடுத்த துளிக் குருதியோ மருத்துவர் தந்த அவ்வுணரியோ காட்டும் எண்ணையே.