தோளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி

1997 அக்டோபர் 12 அன்று, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் லாங்-ஈஸி என்ற சின்னஞ்சிறு விமானம் விழுந்து, அதை ஓட்டிய பாடகர் ஜான் டென்வர் இறந்துபோனார். சுமார் 2,750 மணி நேரம் பறந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஆனால் இந்த விமானம் அவர் கைக்கு வந்தது முந்தைய நாள்தான். எரிபொருள் தட்டுப்பாட்டில் இன்ஜின் திணறியது, விமானி தடுமாறினார். இதை 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஆனால் அடுத்து அதே இருக்கையில் உட்காரப்போகிறவருக்கு அந்த இரண்டு சொல்லால் எந்த உதவியும் இல்லை.

லாங்-ஈஸி ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் வகை. இரண்டு எரிபொருள் தொட்டிகள். ஒன்று தீர்ந்தால் மற்றதற்கு மாற்ற ஒரு கைப்பிடி. வடிவமைத்த பர்ட் ரூட்டானின் வரைபடத்தில் அது விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. டென்வரின் விமானத்தைக் கட்டியவரோ, எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாதென்று நினைத்து, கைப்பிடியை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் வலப்பக்கக் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கையை எடுத்து, தோள் வாரைத் தளர்த்தி, உடலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, வலக்கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அப்போது வலது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்திவிடும் என்பதை, விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. இன்ஜின் நின்றதாலேயே விமானம் கல்லாக விழுவதில்லை. பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கும் செஸ்னா 172, ஆயிரம் அடி உயரத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சறுக்கியே இறங்கும். கட்டுப்பாடு கையில் இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. சில நூறு அடி உயரத்தில் பின்னால் திரும்பித் துழாவுகிறவருக்கு அது கிடைக்காது.

எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியது டென்வர்தானே, கைப்பிடி எட்டாது என்பதும் முன்பே தெரியுமே என்று கேட்கலாம். நியாயம்தான், வாரியமும் அதை மறைக்கவில்லை. கவனம் சிதறிக் கட்டுப்பாட்டை இழந்ததையே முதற்காரணமாகச் சொன்னது. கூடவே கைப்பிடியின் இடம், அதில் குறியீடு இல்லாதது, புது விமானத்துக்குப் போதிய பயிற்சி பெறாதது எல்லாவற்றையும் துணைக்காரணங்களாக அடுக்கியது. இப்படி அடுக்கினால் விமானிகளின் பொறுப்புணர்வு தளர்ந்துவிடும் என்ற அச்சம் எனக்குச் சரியாகப் படவில்லை. மனிதர் மறக்கவே செய்வார். எத்தனை கண்டித்தாலும் இன்னொருவர் மறப்பார். கைப்பிடியை ஒருமுறை இடம் மாற்றினால் அது மாறியதுதான். அந்த விமானத்தில் எரிபொருள் அளவுமானியும் முதுகுப்பக்கம்தான் இருந்தது. அதைப் பார்க்கவென்று, கிளம்பும் முன் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் டென்வரிடம் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார்.