நெகிழ்வும் வலிமையே

உயிரணு உருக்குலையாமல் நிற்பதற்குக் காரணம், அதனுள் பின்னிக் கிடக்கும் புரத இழைகளே. அவை நுண்குழல், ஆக்டின் இழை, இடைநிலை இழை என மூவகைப்படும்.

நுண்குழல், மூங்கிலைப் போல உள்ளீடற்றது. ஏறத்தாழ 25 நானோமீட்டர் விட்டமுடையது. ஒரே அளவு பொருளைத் திண்கோலாக்குவதைவிடக் குழலாக்கினால் விறைப்பு மிகும். ஆதலால், சுற்றியுள்ள மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாது மோதினும், நுண்குழல் சில மில்லிமீட்டர் நீளம்வரை பெரிதும் வளைவதில்லை. 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழையோ ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் நீளத்திலேயே வளைந்துவிடும். இடைநிலை இழை 10 நானோமீட்டர் தடிமன் உடையதாயினும் ஆக்டினைவிட நெகிழ்வானது. ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் நீளத்திலேயே வளைந்துவிடும்.

விறைப்பானதுதான் வலிமையானதா? அளவுமீறி வளைத்தால் நுண்குழல் முறிந்துவிடும். இடைநிலை இழையோ, கயிறுபோல் முறுக்குண்ட புரதப் புரிகளால் ஆனது. தன் நீளத்தைப்போல் இருமடங்கு இழுபட்டாலும் அறுவதில்லை.

தோலின் உயிரணுக்களில் அவ்விழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மரபணுப் பிழையால் கெரட்டின் குறைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் சிலருக்கு, ஆடை உராய்ந்தாலே தோலில் கொப்புளங்கள் எழுகின்றன. உராய்வுகளுக்கிடையே நம் தோலை நாள்தோறும் காப்பது, மூன்றனுள் மிகவும் நெகிழ்வான அவ்விழையே.